தரங்கம்பாடி பேசாத டேனிஷ்

சென்னை மயிலாப்பூரின் லஸ் கோயிலில் 1516 என்று ஆண்டு பொறித்த போர்த்துகீசியக் கல் ஒன்று இருக்கிறது. அந்த வழியாகத் தினமும் போய் வருகிறவர்களில் அதைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் யாரும் இருப்பார் என்று தோன்றவில்லை. சாந்தோம் பேராலய அருங்காட்சியகத்தில் உள்ள பழைய கல்லறைக் கற்களுக்கும் அதே கதிதான். ஆனால் அந்தக் கல்லைப் படிக்கத் தெரியாத அதே மயிலாப்பூர்க்காரர், வீட்டுக்குப் போனதும் "ஜன்னலைச் சாத்து, அலமாரிச் சாவி எங்கே, துவாலையை எடு" என்கிறார். ஜன்னல், அலமாரி, சாவி, துவாலை நான்கும் போர்த்துகீசியர் விட்டுப்போனவை. மேஸ்திரியும் ஏலமும் பாதிரியும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே தரங்கம்பாடிக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே 1620-லிருந்து 1845 வரை, 225 ஆண்டுகள் டென்மார்க்கின் கொடி பறந்தது. டேன்ஸ்போர்க் கோட்டை இன்னும் கடலைப் பார்த்து நிற்கிறது. ஊர் நுழைவாயில் இருக்கிறது, ராஜ வீதி இருக்கிறது, ஆளுநர் மாளிகை இருக்கிறது. டேனிஷ் மட்டும் இல்லை. டேனிஷிலிருந்து வந்த ஒரு சொல்லைச் சொல்லுங்கள் என்று கேட்டால் ஊரில் பெரியவர்களும் முழிப்பார்கள், அகராதிக்காரர்களும் முழிப்பார்கள்.

ஒரு மொழி எங்கே பேசப்படுகிறது, ஏன் அங்கே பேசப்படுகிறது என்ற கேள்விக்கு டேனிஷைப் போல நல்ல பாடம் கிடையாது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு சின்ன ஐரோப்பிய மொழி வேண்டுமென்றால், நான் மாசிடோனியனை எடுப்பேன். ஒன்று மூன்று கடல்களில் கப்பல் விட்ட அரசர்களின் மொழி. மற்றொன்று 1945 வரை தனக்கென்று அரசு ஒப்பிய எழுத்துமுறைகூட இல்லாத மொழி. இந்த இரண்டும் இன்று எங்கெங்கே ஒலிக்கின்றன என்று வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், ஆட்சியும் கொடியும் பற்றி நாம் பள்ளிக்கூடத்திலிருந்து சுமந்து வரும் நம்பிக்கைகள் பல ஆட்டம் காணும்.

முதலில் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன் தகட்டில் ஒரு கடிதம் எழுதினார். ஓலை வடிவில் வெட்டிய அந்தத் தகடு கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நாயக்கர் தெலுங்கில் காவியம் பாடியவர், கடிதமோ தமிழில். வந்திறங்கிய டேனிஷ் கம்பெனியும் முழுக்க டேனிஷ் கம்பெனி இல்லை. அதைத் தஞ்சை அரண்மனைக்குள் கொண்டுபோய் நிறுத்திய ரோலண்ட் கிராப்பே பிறப்பால் டச்சுக்காரர். பிற்காலத்தில் கோட்டையில் வேலை பார்த்தவர்களிலும் ஜெர்மானியர், நார்வேக்காரர், டச்சுக்காரர் என்று எல்லாரும் உண்டு. கணக்குப் புத்தகமும் அரசருக்குப் போகும் அறிக்கையும் டேனிஷில் இருந்தன. கடைத்தெருப் பேச்சு தமிழிலும் போர்த்துகீசியத்திலும் நடந்தது.

போர்த்துகீசியம் ஏன் என்றால், அதற்குச் சாந்தோமைத்தான் பார்க்க வேண்டும். போர்த்துகீசியர் இங்கே 1520-களில் குடியேறினார்கள். 1662-இல் கோல்கொண்டா படைகள் ஊரைப் பிடித்துக்கொண்டன. அப்புறம் பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர் என்று ஊர் கை மாறிக்கொண்டே இருந்தது. கணக்குப் பார்த்தால் சாந்தோமில் போர்த்துகீசியர் செலுத்திய அதிகாரம் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் செலுத்தியதைவிடக் குறைந்த காலம்தான். ஆனால் அவர்கள் இங்கே கல்யாணம் செய்துகொண்டார்கள். குடும்பம் நடத்தினார்கள். பிள்ளைகள் இந்த மண்ணிலேயே வளர்ந்து கப்பலிலும் கடையிலும் மொழிபெயர்ப்பு வேலையிலும் பரவின. கோட்டை போனாலும் கோயில் போகவில்லை. 1606-இல் அமைந்த மயிலாப்பூர் மறைமாவட்டம் போர்ச்சுகலின் ஆதரவோடு 20ஆம் நூற்றாண்டு வரை வந்து, 1952-இல்தான் சென்னை உயர்மறைமாவட்டத்தோடு இணைந்தது. வங்காளத்துத் தேவாலயங்கள்கூட ஒரு காலத்தில் மயிலாப்பூர் ஆயரின் கீழே இருந்தவை.

இந்தப் பேச்சுமொழியின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஆங்கிலேயரே சாட்சி. 1698-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த சாசனத்தில் ஒரு நிபந்தனை: இந்தியாவுக்கு அனுப்பப்படும் பாதிரிமார் வந்து சேர்ந்த ஓராண்டுக்குள் போர்த்துகீசியம் கற்றுக்கொள்ள வேண்டும். கோட்டை ஆங்கிலேயருடையது, சம்பளம் ஆங்கிலேயருடையது, பிரசங்கம் மட்டும் போர்த்துகீசியத்தில்! சென்னப்பட்டணத்திலேயே அப்படியென்றால் தரங்கம்பாடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

டேனிஷ் ஒட்டாமல் போனதற்கு ஒரு தனி மனிதரின் கதையே போதும். 1639-இல் புறப்பட்ட கப்பல்களுக்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் கிளம்பவில்லை. அங்கே போர், கடன், பஞ்சம். இங்கே கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், ஓடினார்கள். கடைசியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரணச் சிப்பாய் கோட்டைத் தலைவரானார். 1650-களின் நடுவிலிருந்து அவர்தான் ஏறத்தாழ ஒற்றை டேனிஷ்காரர். உள்ளூர் ஆட்களையும் போர்த்துகீசிய வம்சாவளிக்காரர்களையும் வைத்துக்கொண்டு நாயக்கரின் படையைத் தடுத்தார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், வேறு நாட்டுக் கப்பல்களில் அரசருக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். 1669-இல் 'ஃபேரோ' என்ற கப்பல் தரங்கம்பாடிக் கடலில் நங்கூரம் பாய்ச்சியது. தன் தாய்மொழியில் இன்னொருவர் பேசுவதைக் கேட்டு அவருக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! கொடி ஒருநாள்கூட இறங்கவில்லை. கொடிக்கம்பத்தின் கீழே டேனிஷில் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

1706-இல் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிய சமயப் பணியாளர்கள் வந்தபோதாவது நிலைமை மாறியிருக்கலாம். ஆனால் அவர் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சோவும் ஜெர்மானியர்கள். சீகன்பால்கு வந்த வேகத்தில் தமிழ் படித்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதிப் பழகினார் என்பது நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த செய்தி. 1712-இல் அச்சு இயந்திரம் வந்தது, 1714-இல் தமிழில் நற்செய்தி நூல்கள் அச்சேறின, 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அவருடைய தமிழ் இலக்கணம் வெளியானது. அவர் கட்டி 1718-இல் திறந்த புது எருசலேம் தேவாலயத்தின் சபைகள் இரண்டு: ஒன்று தமிழ்ச் சபை, மற்றொன்று போர்த்துகீசியச் சபை. அரசர் பணத்தில், அரசர் மண்ணில், அரசர் பெயர் பொறித்த கோயிலில் அரசரின் மொழிக்கு இடமில்லை. ஐரோப்பியருக்கான சீயோன் தேவாலயம் தெருவில் தனியாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த டேனிஷ்காரர்களும் கற்றுக்கொண்டு போனார்களே தவிர, கற்றுக்கொடுத்துவிட்டுப் போகவில்லை. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். பரங்கிப்பேட்டையில் ஆன் மரி பீட்டர்சன் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கு 1921-இல் காந்தி அடிக்கல் நாட்டினார். தமிழ் விவிலியத் திருத்தத்தில் முன்னின்றவர்களில் லார்சன் என்ற டேனிஷ்காரரும் ஒருவர். மொத்தத்தில் டென்மார்க்குக்கும் தமிழ்நாட்டுக்கும் நடந்த மொழி வியாபாரத்தில் லாபம் முழுக்கத் தமிழுக்கே. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு அவர்கள் கிளம்பியபோது, பின்னால் விட்டுப்போக டேனிஷ் பேசும் சனம் ஒன்றும் இருக்கவில்லை.

இது நம் ஊர் ராசி மட்டும் இல்லை. கரீபியன் கடலில் மூன்று தீவுகளை டென்மார்க் வைத்திருந்தது. 1917-இல் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உருவாக்கிக்கொண்ட கலப்பு மொழிக்கு அடிப்படை டேனிஷ் இல்லை, டச்சு. தோட்ட முதலாளிகளில் டச்சுக்காரர் அதிகம். பாதிரிமாரும் அந்தக் கலப்பு மொழியிலேயே புத்தகம் அச்சிட்டார்கள். தரங்கம்பாடியில் போர்த்துகீசியம், அங்கே டச்சு. அந்தக் கலப்பு மொழியைக் கடைசியாகப் பேசிய மூதாட்டி 1987-இல் இறந்தார்.

வடக்கே டேனிஷுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. ஃபேரோ தீவுகளில் 1948-இன் தன்னாட்சிச் சட்டம் ஃபேரோயியத்தை முதன்மை மொழியாக்கியது. கூடவே டேனிஷை நன்றாகக் கற்பிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தது. கிரீன்லாந்தில் 2009 முதல் கிரீன்லாந்தியம் ஒன்றே ஆட்சிமொழி. ஆனாலும் அலுவலகத்திலும் மேல்படிப்பிலும் டேனிஷ் இல்லாமல் காரியம் நடப்பது கஷ்டம். ஐஸ்லாந்து 1944-இல் குடியரசாகிப் பிரிந்தும் பள்ளிப் பிள்ளைகளுக்கு டேனிஷ் கட்டாயப் பாடம். எரிச்சலோடு படித்து, பரீட்சை எழுதிவிட்டு மறக்கும் பாடம் என்று அங்குள்ளவர்களே சொல்வதுண்டு. நமக்கு அந்த மனநிலை புரியாததா!

எனக்கு இதில் பிடித்த இடம் ஜெர்மனியின் வட கோடி. 1920-இல் ஷ்லெஸ்விக் பகுதியில் வாக்கெடுப்பு வைத்துத்தான் எல்லை போட்டார்கள். வடக்கு டென்மார்க்குக்குப் போயிற்று, தெற்கு ஜெர்மனியில் நின்றது. தெற்கே ஃபிளென்ஸ்போர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 50,000 பேர் இன்றும் தங்களை டேனிஷ் சிறுபான்மையினர் என்கிறார்கள். தனிப் பள்ளிகள், நூலகம், நாளிதழ், கட்சி எல்லாம் உண்டு. நாடாளுமன்றத்துக்கு வர ஐந்து சதவீத வாக்கு வேண்டும் என்ற ஜெர்மன் விதி அந்தக் கட்சிக்குக் கிடையாது. 2021-இல் ஓர் இடமும் கிடைத்தது. 1955-இல் இரு அரசுகளும் தத்தம் பக்கத்துச் சிறுபான்மையை மதிப்பதாக அறிவித்துக்கொண்டதுதான் இதற்கு ஆதாரம். ஒரு வருஷம் கழித்து, 1956-இல் நமக்குப் போட்ட எல்லையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. அங்கே ஏலத்தோட்டத் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைப்பதையும் ஃபிளென்ஸ்போர்க் பிள்ளைக்குக் கிடைப்பதையும் ஒப்பிட்டால் பெருமூச்சுதான் வரும்.

இத்தனையையும் கூட்டினாலும் டேனிஷ் பேசுகிறவர்களில் ஆகப் பெரும்பான்மை டென்மார்க்குக்குள்ளேதான். அந்த நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 60 லட்சம். கப்பல் விட்ட மொழி திரும்பி வந்து வீட்டோடு இருக்கிறது.

மாசிடோனியன் வீட்டோடு இருக்க முடியாத மொழி. அதற்கு வீடே பிந்தித்தான் கிடைத்தது. நம் பாடப்புத்தகத்து அலெக்சாண்டரை இங்கே மறந்துவிடுவது நல்லது. இது ஸ்லாவிய மொழி, அலெக்சாண்டர் காலத்துப் பேச்சோடு இதற்கு உறவில்லை. எழுத்து சிரில்லிக். சாந்தோம் நெடுஞ்சாலையில் ரஷ்யத் துணைத் தூதரகத்தில் புழங்கும் எழுத்தின் பங்காளி. ஸ்லாவிய எழுத்து வேரூன்றிய ஆதி மடங்கள் சில இருந்த ஓஹ்ரித் ஏரிக்கரை இன்றைய வட மாசிடோனியாவில்தான் இருக்கிறது.

உதுமானியர் ஆட்சியில் அது விவசாயிகளின் பேச்சு. 1912-13 பால்கன் போர்களில் அந்த நிலப்பகுதியை செர்பியா, கிரீஸ், பல்கேரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. 1944 ஆகஸ்ட் 2 அன்று ஒரு மடாலயத்தில் கூடிய விடுதலைப் போராளிகளின் பேரவை மாசிடோனியனை ஆட்சிமொழி என்று அறிவித்தது. 1945-இல் எழுத்தும் எழுத்திலக்கணமும் முடிவாயின. பிளாஜே கோனெஸ்கி என்ற கவிஞர் அதற்கு இலக்கணம் எழுதினார். ஒரு மொழியின் எழுத்துமுறை குழு போட்டுத் தீர்மானிக்கப்பட்ட கதை இது.

அண்டை நாடுகளுக்கு அது இன்றும் உறுத்தல். பல்கேரியா அதைத் தன் மொழியின் கிளை என்கிறது. 2020-இல் அதைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டி ஐரோப்பிய ஒன்றியத்தில் மாசிடோனியாவின் வழியை மறித்தது. கிரீஸுக்குப் பெயரே பிடிக்கவில்லை. 2018-இல் பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் போட்டு, நாடு 'வட மாசிடோனியா' ஆனது, மொழியின் பெயர் மட்டும் தப்பித்தது. வட கிரீஸில் ஃப்ளோரினா வட்டாரக் கிராமங்களில் 1936-க்குப் பிறகு மெடாக்சாஸ் ஆட்சியில் இந்தப் பேச்சுக்குத் தடையே இருந்தது. 1946-49 உள்நாட்டுப் போரில் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி அனுப்பப்பட்டார்கள். அல்பேனியப் பக்கத்தில் பிரெஸ்பா ஏரி ஓரம் புஸ்தெட்ஸ் என்ற சின்ன நகராட்சியில் அது இன்னும் ஊர்மொழி.

சொந்த நாட்டுக்குள்ளும் எல்லார் வாயிலும் அது இல்லை. 2021 கணக்கெடுப்பில் அங்கே வசித்தவர்கள் 18.36 லட்சம், மாசிடோனியன் தாய்மொழி என்றவர்கள் அதில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல். அடுத்தது அல்பேனியன். தலைநகர் ஸ்கோப்பியே என்றதும் நமக்குத் தெரிந்த ஒரே பெயர் அன்னை தெரசா. 1910-இல் அங்கே பிறந்த அவருக்கு வீட்டுமொழி அல்பேனியன்தான்.

அந்த மொழியின் இன்னொரு தலைநகரைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். பிடோலா, ஃப்ளோரினா கிராமங்களிலிருந்து கிளம்பியவர்கள் மெல்போர்னின் வடக்குப் புறநகர்களிலும் வொல்லொங்கொங் இரும்பாலையிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். கனடாவின் டொராண்டோவிலும் பெரிய கூட்டம். ஆஸ்திரேலியாவில் வீட்டில் மாசிடோனியன் பேசுவோர் எண்ணிக்கை ஏறக்குறைய அறுபதாயிரம். கிரீஸில் பள்ளிக்கூட வாசலைப் பார்க்காத அந்த மொழி, விக்டோரியா மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் ஒரு பாடம். அதே பாடப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. சனிக்கிழமைக் காலையில் பிள்ளையை மொழி வகுப்பில் விட்டுவிட்டுக் காரில் காத்திருக்கும் அம்மாக்களில் யார் யாழ்ப்பாணம், யார் பிடோலா என்பதுதான் வித்தியாசம்.

மாசிடோனியனைக் கடல் கடத்திய அதே பிழைப்பும் போரும்தான் டேனிஷையும் தமிழர் வாயில் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1980-களில் இலங்கையிலிருந்து தப்பிப் போனவர்களில் ஒரு பகுதியினர் டென்மார்க்கில் இறங்கினார்கள். அரசு அவர்களை யூட்லாண்ட் தீபகற்பத்தின் சிறு நகரங்களுக்குப் பிரித்து அனுப்பியது. ஆலைகளில் வேலை கிடைத்தது. பிள்ளைகுட்டிகளோடு சேர்த்தால் இன்று பத்தாயிரத்துக்கு மேல். ஹேர்னிங்கில் சித்தி விநாயகர் இருக்கிறார், பிரன்டேயில் அபிராமி அம்மன் இருக்கிறாள். திருவிழாவில் பெரியவர்கள் யாழ்ப்பாணத் தமிழில் கதைக்க, பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போடுவதும் சமாதானம் ஆவதும் டேனிஷில். 225 ஆண்டு ஆட்சி ஒரு தமிழ்த் தெருவில் செய்ய முடியாததை, ஒரு தலைமுறைப் பள்ளிக்கூடம் செய்துவிட்டது. ஆட்சிமொழி ஆக்கிவிட்டால் மொழி தானாகப் பரவும் என்று நம்புகிறவர்கள் முதலில் தரங்கம்பாடிக்கும் பிறகு ஹேர்னிங்குக்கும் ஒரு நடை போய் வரலாம்.

டென்மார்க் அவர்களைச் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்கவில்லை. 1987-லிருந்து நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் மனைவி மக்கள் வந்து சேரும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக முடக்கி வைத்தார். விவகாரம் வெடித்து, 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995-இல் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. டேனிஷ்காரர்கள் இன்றும் அதைத் 'தமிழர் வழக்கு' என்றே சொல்கிறார்கள். தரங்கம்பாடியைப் பற்றித் தெரியாத டேனிஷ்காரருக்கும் தமிழர் என்ற பெயர் தெரிந்தது அப்படித்தான்.

2002-இல் ஐரோப்பிய வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு நகராட்சிகள் தாய்மொழி கற்பிக்க வேண்டும் என்ற கடமையையும் அங்கே நீக்கிவிட்டார்கள். தமிழ் இப்போது வார இறுதியில், பெற்றோர் செலவில்.

எத்தனை டென்மார்க் தமிழர் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று சொல்ல அங்கே கணக்கும் கிடையாது. பதிவேடுகளை வைத்தே மக்கள்தொகையைக் கணக்கிடும் நாடு அது. வீடு வீடாக வந்து தாய்மொழி கேட்பதில்லை. நாம் கேட்கிறோம், ஆனால் கேட்ட பிறகு நாமும் பல்கேரியா வேலை செய்கிறோம். 2011 கணக்கெடுப்பில் ஐந்து கோடி போஜ்புரிக்காரர்கள் இந்திக்குள் சேர்க்கப்பட்டதைப் பற்றி இங்கே நிறையப் பேசியாயிற்று. அதே அட்டவணையில் இருளர் மொழியும் குறவர் மொழியும் தமிழ் என்ற தலைப்பின் கீழ் சேர்ந்திருப்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மதுரையிலும் சென்னையிலும் தனி எழுத்து வரை வைத்திருக்கும் சௌராஷ்டிரமோ குஜராத்திக்குள் இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பின் ஆள்கணக்கு 2027 பிப்ரவரியில். எழுதுகிறவர் வாசலில் வந்து நிற்கும்போது, தாய்மொழிக் கட்டத்தில் நீங்கள் சொன்னதையே எழுதினாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பு மாற்றும் வேலை அதற்கப்புறம் டெல்லியில் நடக்கும்.